எந்தக் கரண்டுக்குப் பயப்படணும்? எல்இடி விளக்கு செய்து பார்க்கும் பாடம்



ஆடி முடிந்துவிட்டது. குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்கு ஆடிச் சனிக்கிழமைகளில் வந்த கூட்டமும் கலைந்துவிட்டது. சுரபி நதிக்கரையில் போட்டிருந்த கடைகளில் நம் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய லைட் எரியும் பொம்மைகள் மட்டும் வீட்டில் கிடக்கின்றன. பாதிக்கு மேல் இப்போது எரியாது. என் மகனுக்கு வாங்கிய பம்பரமும் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. தூக்கிப் போடத்தான் நினைத்தேன். ஆனால் அந்தப் பம்பரத்துக்குள் இருக்கும் குட்டி விளக்கை வைத்துத்தான் குச்சனூரில் ஒரு பாடமே நடத்த வேண்டி வந்தது. அதைத்தான் இந்த இதழில் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு நோட்டீஸால் வந்த பாடம்

போன மாதக் கூட்டத்தில் சேமிப்பு, கடன் வசூல் எல்லாம் எழுதி முடித்துக் கையெழுத்தும் போட்டாயிற்று. கிளம்பும் நேரத்தில் பிரதிநிதி அக்கா ஒருவர் ஒரு நோட்டீஸை நீட்டினார். "வீட்டிலிருந்தே எல்இடி பல்பு தயாரிக்கலாம். முன்பணம் கட்டினால் மெஷினும் பொருளும் தருகிறோம். செய்த பல்பை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று அதில் அச்சடித்திருந்தது.

"மேடம், இதுல சேரலாமா? ஆளுக்கு ஐயாயிரம் போட்டா கட்டிரலாம். இல்லேன்னா குழுவுல கடன் எடுக்கலாம்" என்றார். நாலைந்து பேருக்கு ஆசையாக இருந்தது. திராட்சைத் தோட்ட வேலை வருஷம் பூராவும் இருக்காது. நடவும் களையெடுப்பும் சில வாரம்தான். வீட்டில் உட்கார்ந்து வருமானம் என்றால் யாருக்குத்தான் ஆசை வராது?

அப்போது மூலையில் உட்கார்ந்திருந்த பெரியம்மா ஒருவர் சொன்னார்: "ஏத்தா, கரண்டு எங்க வீட்டுல ஒரு உசுரைக் கொண்டுபோயிருச்சு. அந்தச் சனியனை வீட்டுக்குள்ள வச்சுப் பிரிச்சு மேயணுமா?" ஆறு வருஷத்துக்கு முன்னால், மழை பெய்த விடியற்காலையில், தோட்டத்தில் அறுந்து கிடந்த கம்பியை மிதித்து அவர் வீட்டுக்காரர் இறந்துபோனார். அதன் பிறகு அவர் வீட்டில் சுவிட்ச் போடுவதுகூட மகன்தான்.

ஒரு பக்கம் ஆசை, ஒரு பக்கம் பயம். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது. அந்தப் பொருள் எப்படி வேலை செய்கிறது என்பது எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது. சமூகப்பணி படித்த எனக்கும் அரைகுறைதான். "பணம் கட்டுறதை அடுத்த கூட்டத்தில பேசுவோம். அதுக்கு முன்னாடி ஒரு விளக்கை நாமே செஞ்சு பார்ப்போம்" என்றேன். தெரிந்த ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் இரண்டு நாள் உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டு வந்தேன்.

கரண்டு என்றால் என்ன? நம் ஊர்த் தண்ணீரை வைத்துப் புரிந்துகொள்வோம்

குமுளி மலைப்பாதையில் பஸ்ஸில் போயிருக்கிறீர்களா? லோயர் கேம்ப் பக்கம் மலை உச்சியிலிருந்து பெரிய பெரிய குழாய்கள் கீழே இறங்கும். 1895ல் பென்னிகுவிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையின் தண்ணீர் அந்தக் குழாய் வழியாக விழுந்துதான் கீழே மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தத் தண்ணீர்தான் பிறகு நம் வயலுக்கு வருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு மூன்று வார்த்தைகளைப் படிப்போம்.

வோல்ட்: தண்ணீர் எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது என்பது போல. உயரம் கூடினால் வேகம் கூடும். ஒரு பென்சில் செல் 1.5 வோல்ட். நம் வீட்டுக் கரண்டு 230 வோல்ட். திண்ணையிலிருந்து ஊற்றும் தண்ணீருக்கும் மலையிலிருந்து விழும் தண்ணீருக்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆம்பியர்: எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்பது போல. அதில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மில்லி ஆம்பியர் என்று பெயர்.

ஓம்: இது தடை. மடையில் பலகை போட்டுத் தண்ணீரைக் குறைப்போமே, அதுபோல. பலகை அதிகமானால் பாய்வது குறையும்.

இந்த மூன்றுக்கும் ஒரே கணக்குதான். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். வட்டிக் கணக்குப் போடும் நமக்கு இது பெரிய விஷயமில்லை.

தண்ணீருக்கும் கரண்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாய்க்கால் தண்ணீர் வயலோடு நின்றுவிடும். கரண்டு கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்து சேர வேண்டும். கும்மியடிக்கும்போது வட்டம் சுற்றுவது போல. ஒரு இடத்தில் வட்டம் அறுந்தால் அத்தனை பேரும் நிற்க வேண்டியதுதான். இந்த வட்டத்துக்குத்தான் சர்க்யூட் என்று பெயர். சுவிட்ச் என்பது வட்டத்தை வேண்டும்போது சேர்க்கவும் அறுக்கவும் வைத்திருக்கும் ஒரு இடம், அவ்வளவுதான்.

எல்இடி என்றால் என்ன?

பழைய குண்டு பல்பில் ஒரு மெல்லிய கம்பி சூடாகிச் சிவந்து வெளிச்சம் தந்தது. வெளிச்சத்தைவிடச் சூடுதான் அதிகம். எல்இடியில் கம்பி கிடையாது. எள்ளைவிடச் சின்ன ஒரு பொருளுக்குள் கரண்டு பாயும்போதே அது வெளிச்சமாகிறது. அதனால்தான் 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை 9 வாட் எல்இடி பல்பு தந்துவிடுகிறது. தினம் 5 மணி நேரம் எரித்தால் குண்டு பல்புக்கு மாதம் 9 யூனிட். எல்இடிக்கு ஒன்றரை யூனிட்கூட ஆகாது.

கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962ல் அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் செய்து காட்டினார். ஆனால் வீட்டுக்கு வெள்ளை வெளிச்சம் வேண்டுமே? அதற்கு நீல எல்இடி தேவைப்பட்டது. முப்பது வருஷம் உலகமே முயன்றும் நல்ல வெளிச்சமுள்ள நீலம் கைகூடவில்லை. ஜப்பானியர்களான அகாசாகி, அமானோ, நகமுரா மூவரும் விடாமல் முயன்று அதைச் செய்தார்கள். 2014ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. எரியாத நேரத்தில் வெள்ளை எல்இடியின் உள்ளே உற்றுப் பாருங்கள். மஞ்சளாக ஒரு பூச்சு தெரியும். உள்ளே பிறப்பது நீல வெளிச்சம். அது மஞ்சள் பூச்சில் பட்டுக் கலந்துதான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

எல்இடிக்கு இரண்டு குணம் உண்டு. இரண்டையும் மறக்கக் கூடாது.

முதல் குணம்: கரண்டு ஒரு பக்கமாக மட்டும்தான் பாயும். கிணற்று மோட்டாரில் புட்வால்வு இருக்கிறதல்லவா? தண்ணீரை மேலே விடும், கீழே திரும்ப விடாது. எல்இடியும் அப்படித்தான். மாற்றிப் போட்டால் எரியாது. புது எல்இடியில் நீளமான கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். கால் வெட்டிய பழைய எல்இடியாக இருந்தால் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் சப்பையாக இருக்கும். அதுதான் மைனஸ்.

இரண்டாம் குணம்: அதற்குப் போதும் என்று சொல்லத் தெரியாது. சாதாரணக் குட்டி எல்இடிக்கு 20 மில்லி ஆம்பியர் போதும். அதற்கு மேல் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டு கருகிவிடும். அதனால் நாம்தான் முன்னால் ஒரு தடை வைக்க வேண்டும். அந்தத் தடைக்கு ரெசிஸ்டர் என்று பெயர்.

எவ்வளவு தடை? கணக்குப் போடுவோம்

மூன்று பென்சில் செல் சேர்ந்தால் 4.5 வோல்ட். வெள்ளை எல்இடிக்கு ஏறக்குறைய 3 வோல்ட் தேவை. மீதி 1.5 வோல்ட். அதை 20 மில்லி ஆம்பியரால், அதாவது 0.02ஆல் வகுத்தால் 75 ஓம். கடையில் எளிதாகக் கிடைப்பதும், கொஞ்சம் பத்திரமானதும் 100 ஓம். அதைப் போட்டால் 15 மில்லி ஆம்பியர் பாயும். வெளிச்சத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது. எல்இடியும் கூடுதல் நாள் உழைக்கும்.

சிவப்பு எல்இடிக்கு 2 வோல்ட் போதும். மீதி 2.5 வோல்ட். கணக்குப் போட்டால் 125 ஓம் வரும். அதற்கு 150 ஓம் போடலாம்.

இந்த இடத்தில் ஒரு அக்கா, "நான் பள்ளிக்கூடத்துப் பக்கமே ஒதுங்கலை மேடம். இந்த நம்பரை எங்கிட்டுப் போயி நான் படிக்க?" என்றார். உண்மையில் ரெசிஸ்டரில் நம்பரே இருக்காது. வண்ணக் கோடுகள்தான் இருக்கும். காப்பிக் கலர், கறுப்பு, காப்பிக் கலர் என்று மூன்று கோடு வந்தால் 100 ஓம். காப்பிக் கலர், பச்சை, காப்பிக் கலர் என்றால் 150 ஓம். நாலாவதாகத் தங்கக் கலரில் ஒரு கோடு இருக்கும். அதைக் கடைசியாக வைத்துப் படிக்க வேண்டும். சேலைக்குப் பொருத்தமாக ஜாக்கெட் துணியை நூறு கலரில் தேடி எடுக்கும் நமக்கு இது கஷ்டமா? ஐந்து நிமிஷத்தில் அந்த அக்காதான் குவியலில் இருந்து சரியான ரெசிஸ்டர்களை எல்லாருக்கும் பொறுக்கிக் கொடுத்தார்.

ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்தில் திலோனியா என்று ஒரு கிராமம். 1972ல் பங்கர் ராய் அங்கே வெறுங்கால் கல்லூரி என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள், பாட்டிமார்கள் அங்கே ஆறு மாதம் தங்கி சோலார் விளக்கு செய்யவும் பழுது பார்க்கவும் கற்றுக்கொண்டார்கள். ஆப்பிரிக்க நாடுகளில் இருந்தும் பெண்கள் வந்து படித்தார்கள். ஒருவர் பாஷை ஒருவருக்குத் தெரியாது. கலரைக் காட்டியும் கையால் சைகை செய்தும் செய்து காட்டியுமே பாடம் நடந்தது. ஊருக்குத் திரும்பி அவர்கள் தங்கள் கிராமத்தில் விளக்கேற்றினார்கள். படிப்பு இல்லை என்பதால் இந்த வேலை வராது என்று நாம் ஒதுங்க வேண்டியதில்லை.

செய்து பார்ப்போம்: ஒரு சின்ன விளக்கு

தேவையான பொருட்கள்

1. வெள்ளை எல்இடி - 1
2. 100 ஓம் ரெசிஸ்டர் - 1
3. பென்சில் செல் - 3, மூன்று செல் போடும் பெட்டி (சிவப்பு, கறுப்பு ஒயரோடு) - 1
4. சின்ன சுவிட்ச் - 1
5. ஒயர் ஒரு முழம், இன்சுலேஷன் டேப்

டிவி, ரேடியோ உதிரிபாகம் விற்கும் கடைகளில் இவை கிடைக்கும். எல்இடியும் ரெசிஸ்டரும் சில்லறைக் காசுதான். நல்ல நிலையில் உள்ள பழைய பொம்மையில் இருந்தும் எல்இடியை எடுத்துக்கொள்ளலாம்.

செய்முறை

1. முதலில் பெட்டியில் செல் போடாதீர்கள். எல்லாம் இணைத்த பிறகுதான் செல்.
2. பெட்டியின் சிவப்பு ஒயரை (பிளஸ்) சுவிட்சின் ஒரு காலில் முறுக்குங்கள்.
3. சுவிட்சின் மறு காலில் ரெசிஸ்டரின் ஒரு முனையை இணையுங்கள். ரெசிஸ்டருக்கு முன் பின் கிடையாது. எப்படி வேண்டுமானாலும் போடலாம்.
4. ரெசிஸ்டரின் மறு முனையை எல்இடியின் நீளக் காலோடு சேர்த்து முறுக்குங்கள்.
5. எல்இடியின் குட்டைக் காலைக் கறுப்பு ஒயரோடு (மைனஸ்) சேருங்கள். வட்டம் முடிந்தது.
6. ஒவ்வொரு முறுக்குக்கும் தனித்தனியாக டேப் சுற்றுங்கள். எல்இடியின் இரண்டு கால்களும் ஒன்றையொன்று தொடக் கூடாது.
7. செல்களைப் போட்டு சுவிட்சைத் தட்டுங்கள்.

குச்சனூர்க் கூட்டத்தில் பதினான்கு பேர் செய்தோம். ஒன்பது விளக்கு உடனே எரிந்தது. ஐந்து எரியவில்லை. எரியாத ஐந்தில்தான் நிறையக் கற்றுக்கொண்டோம்.

எரியவில்லையா? இந்த வரிசையில் பாருங்கள்

1. செல் மூன்றும் சரியான பக்கமாக இருக்கிறதா? (ஒருவருக்கு இது.)
2. எல்இடி மாறிப்போயிருக்கிறதா? திருப்பிப் போட்டுப் பாருங்கள். (இரண்டு பேருக்கு இது.)
3. முறுக்கு இறுக்கமாக இருக்கிறதா? ஒயரின் மேல்தோல் நன்றாகச் சீவப்பட்டிருக்கிறதா? (இரண்டு பேருக்கு இது.)
4. பழைய செல்லா? பெட்டியின் ஸ்பிரிங்கில் பச்சையாகத் துரு பிடித்திருக்கிறதா?
5. இத்தனையும் சரி என்றால் எல்இடி கருகியிருக்கலாம். வேறு போட்டுப் பாருங்கள்.

வட்டம் எங்கே அறுந்திருக்கிறது என்று ஒரு முனையில் இருந்து வரிசையாகத் தேடுவதுதான் மெக்கானிக் வேலை. கணக்கு நோட்டில் ஐந்து ரூபாய் இடித்தால் முதல் பக்கத்தில் இருந்து சரிபார்ப்போமே, அதே வேலை.

கவனம்: செல் பெட்டியின் சிவப்பு, கறுப்பு ஒயரை நேரடியாகத் தொடவிடாதீர்கள். செல் சூடேறிக் கெட்டுப்போகும். பழைய செல்போன் பேட்டரியை இதற்கு எடுக்கவே எடுக்காதீர்கள். தீப்பிடிக்கும். பொம்மையில் இருக்கும் பொத்தான் மாதிரியான செல்லைக் குழந்தை கைக்கு எட்டாமல் வையுங்கள். விழுங்கிவிட்டால் உணவுக்குழாயை அரித்துவிடும். "தானா வெளிய வந்துரும்" என்று காத்திருக்கக் கூடாது. அந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பயப்பட வேண்டிய கரண்டு எது?

எல்லாரும் செய்து முடித்தபோதும் அந்தப் பெரியம்மா கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்தார். "நீ சொல்றதெல்லாம் சரித்தா. இது தொட்டா அடிக்காதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். நியாயமான கேள்வி. பதிலைக் கணக்காகவே போட்டோம்.

நம் உடம்பும் ஒரு ரெசிஸ்டர்தான். காய்ந்த கையின் தடை பல ஆயிரம் ஓம். கணக்குக்குப் பத்தாயிரம் என்று வைத்துக்கொள்வோம்.

நம் விளக்கு: 4.5 வோல்ட்டைப் பத்தாயிரத்தால் வகுத்தால் அரை மில்லி ஆம்பியர்கூட இல்லை. உடம்புக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக் கரண்டு: 230 வோல்ட்டைப் பத்தாயிரத்தால் வகுத்தால் 23 மில்லி ஆம்பியர். இந்தக் குட்டி எல்இடியை எரிக்கப் போதுமான அளவுதான். ஆனால் நம் உடம்பில் இவ்வளவு பாய்ந்தால் கைத்தசை இறுகிக்கொள்ளும். பிடித்த கம்பியை விட நினைத்தாலும் விட முடியாது.

ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்கால்: தடை ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். அப்போது 230 மில்லி ஆம்பியர். இதயத்தை நிறுத்த இது போதும்.

அங்கே கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மாதான் பேசினார். "அன்னைக்கு மழை. செருப்புக்கூடப் போடலை அவரு" என்றார். பிறகு மெதுவாகக் கையை நீட்டி என் முன்னால் இருந்த பெட்டியை எடுத்தார். செல் போட்டார். சுவிட்சைத் தட்டினார். எரிந்தது. அணைத்தார். மறுபடி தட்டினார். "இது வேற, அது வேற" என்று மட்டும் சொன்னார்.

நான் ஒரு மணி நேரம் சொன்ன பாடத்தை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். செல்லில் எரியும் சின்ன வேலையை நாம் பயமில்லாமல் பிரிக்கலாம், சேர்க்கலாம், கெடுத்தும் கற்றுக்கொள்ளலாம். சுவரில் இருந்து வரும் 230 வோல்ட்டிடம் அந்த விளையாட்டு கூடாது. அங்கே பயம்தான் நமக்குப் பாதுகாப்பு. ஆகவே இவற்றை நினைவில் வையுங்கள்.

1. பியூஸ் போன எல்இடி பல்பைப் பிரித்துப் பழுது பார்ப்பதை இப்போது செல்போனில் நிறையக் காட்டுகிறார்கள். உள்ளே அலுமினியத் தட்டில் மஞ்சள் பொட்டுகள் மாலை போல வரிசையாக இருக்கும். ஒன்று கருகினால் வட்டம் அறுந்து மொத்தமும் அணையும். கருகினதை மட்டும் ஒயர் வைத்துச் சேர்த்தால் எரியும் என்பார்கள். எரியலாம். ஆனால் மற்றப் பொட்டுகளுக்குப் பாரம் கூடும். அதைவிட முக்கியம், பல மலிவு பல்புகளில் அந்தப் பொட்டுகள் வீட்டுக் கரண்டோடு நேரடித் தொடர்பில் இருக்கும். மூடி திறந்த பல்பைப் போட்டுத் தொட்டால் கம்பியைத் தொட்ட மாதிரிதான். கழற்றிய பிறகும் உள்ளே கொஞ்ச நேரம் கரண்டு தேங்கி நிற்கும். முறையாகப் படிக்காமல் இதில் கை வைக்காதீர்கள்.
2. ஈரக் கையோடு சுவிட்ச், பிளக், மிக்ஸி, கிரைண்டர் தொடாதீர்கள். கம்பிக் கொடியைக் கரண்டு ஒயர் பக்கம் கட்டி ஈரத்துணி காயப்போடாதீர்கள்.
3. வீட்டு மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. என்ற கருவியைப் பொருத்தச் சொல்லுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே கண்ணிமைக்கும் நேரத்தில் கரண்டை நிறுத்திவிடும். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன்தான் பொருத்த வேண்டும்.
4. கம்பி அறுந்து கிடந்தால் பக்கத்தில் போகாதீர்கள், யாரையும் போகவிடாதீர்கள். மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987. இந்த எண்ணை ஒவ்வொரு குழு நோட்டிலும் எழுதி வையுங்கள்.
5. யாருக்காவது கரண்டு பிடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். பிறகு 108க்கு அழையுங்கள்.

அந்த நோட்டீஸ் என்ன ஆச்சு?

விளக்கு எரிந்த பிறகு நோட்டீஸை மறுபடி எடுத்தோம். முதல் நாள் "சேரலாமா?" என்று கேட்டவர்கள் இப்போது வேறு கேள்வி கேட்டார்கள். அவற்றைத் தீர்மான நோட்டில் வரிசையாக எழுதினோம்.

1. வாங்கும் விலை, எண்ணிக்கை, எத்தனை நாளில் பணம் தருவார்கள் என்பதெல்லாம் முத்திரைத்தாளில் எழுதித் தருவார்களா?
2. எல்இடி பல்பு விற்க பி.ஐ.எஸ். பதிவு கட்டாயம். பல்பின் மேல் ஐ.எஸ். 16102 என்றும் ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அந்தப் பதிவு யார் பெயரில் இருக்கிறது? இல்லாவிட்டால் விற்ற குற்றம் யார் தலையில் விழும்?
3. எரியாமல் திரும்பி வரும் பல்புக்கு நஷ்டம் யாருக்கு?
4. 230 வோல்ட்டில் பல்பைச் சோதிக்க என்ன பாதுகாப்பு? பயிற்சி எத்தனை நாள்?
5. இதே வேலையை ஒரு வருஷமாகச் செய்யும் குழுவை நேரில் போய்ப் பார்க்கலாமா?

ஒரு கணக்கும் போட்டோம். உதாரணத்துக்கு முன்பணம் 60,000 ரூபாய், ஒரு பல்புக்குக் கூலி 2 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், போட்ட பணம் திரும்பவே 30,000 பல்பு செய்ய வேண்டும். நாளைக்கு 100 பல்பு என்றால் 300 நாள். லாபம் அதற்கு அப்புறம்தான். கடன் வட்டியோ முதல் மாதமே தொடங்கிவிடும்.

பிரதிநிதி அக்கா ஸ்பீக்கரில் போட்டு அந்த எண்ணுக்குப் பேசினார். முதல் கேள்விக்கே, "பணத்தைக் கட்டுங்கம்மா, அப்புறம் எல்லாம் விவரமாச் சொல்றோம்" என்று பதில் வந்தது. "விவரம் சொல்லுங்க தம்பி, அப்புறம் பணத்தைப் பத்திப் பேசுவோம்" என்று வைத்துவிட்டார். அதன் பிறகு அங்கிருந்து போன் வரவில்லை. பணம் கட்டுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் எழுதினோம்.

அப்படியென்றால் இந்தத் தொழிலே நமக்கு ஆகாதா? அப்படிச் சொல்லவில்லை. 2014ல் ஐஐடி மும்பை, பத்து லட்சம் பள்ளிப் பிள்ளைகளுக்கு சோலார் படிப்பு விளக்கு தரும் திட்டத்தைத் தொடங்கியது. விளக்கைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் உள்ளூர் ஆட்கள்தான் செய்ய வேண்டும் என்று வைத்தார்கள். ராஜஸ்தானின் டுங்கர்பூர் மாவட்டத்தில் பழங்குடிக் குழுப் பெண்கள் இந்த விளக்குகளைச் செய்யக் கற்றார்கள். அதோடு நிற்காமல் தாங்களே பங்குதாரர்களாகி சோலார் பேனல் செய்யும் நிறுவனமும் தொடங்கினார்கள். அவர்கள் முதலில் வேலையைக் கற்றார்கள். பிறகுதான் பணத்தைப் போட்டார்கள். அந்த வரிசை முக்கியம்.

நம் பக்கத்தில் கற்க விரும்புகிறவர்களுக்கும் வழி இருக்கிறது. மாவட்டத்தின் முன்னோடி வங்கி ஆதரவில் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையம் நடக்கிறது. பயிற்சிக்குக் கட்டணம் இல்லை. குச்சனூர்க் குழுவில் இரண்டு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். உங்கள் குழுவில் ஆர்வம் உள்ளவர்கள் ஊக்குநரிடம் பெயர் கொடுங்கள். எந்தப் பயிற்சி எப்போது நடக்கிறது என்று கேட்டுச் சொல்கிறோம்.

குழுவில் கலந்து பேச

1. உங்கள் ஊரில் கம்பி தாழ்வாகத் தொங்கும் இடம், தெருவிளக்கு எரியாத இடம் எவை? பட்டியல் எழுதிக் கொடுத்தீர்களா?
2. உங்கள் வீட்டு மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது? வீட்டில் எல்லாருக்கும் அணைக்கத் தெரியுமா?
3. "பணம் கட்டுங்கள், பொருளை நாங்களே வாங்கிக்கொள்கிறோம்" என்று யாராவது உங்களிடம் வந்தார்களா? என்ன கேட்டீர்கள்?
4. ஒரு கூட்டத்தில் இந்த விளக்கைச் செய்து பாருங்கள். எத்தனை எரிந்தது, எத்தனை எரியவில்லை, காரணம் என்ன என்று நோட்டில் எழுதுங்கள்.

வீட்டுக்கு வந்து மகனுடைய பம்பரத்தைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு ஒயர்தான் விட்டுப்போயிருந்தது. முறுக்கி டேப் சுற்றினேன். இப்போது சுற்றுகிறது, எரிகிறது. பெரியம்மாவின் விளக்கு அவர் வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். கரண்டு போனால் பேரன் படிக்க அதைத்தான் போடுகிறார்கள். சுவிட்ச் தட்டுவது பெரியம்மாதான்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

அன்புடன்,
உங்கள் களப்பணி ஒருங்கிணைப்பாளர்